இலுப்பைப்பூவுக்கு இழப்பீடு இல்லை

போன மாதம் ஊரிலிருந்து சித்தி போன் செய்தாள். ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்களாம். ஊருக்கு வடக்கே கரட்டை ஒட்டி இருக்கும் துப்பாக்கி சுடும் பயிற்சித் தளத்துக்கு இன்னும் கொஞ்சம் இடம் வேண்டுமாம். “பட்டா நெலம் ஒரு சென்ட்டுகூட எடுக்கலையாம் தாயி. எல்லாம் பொறம்போக்குதானாம். நமக்கு ஒண்ணும் நட்டமில்லேன்னு ஆம்பளைங்க பேசிக்கிறாங்க” என்றாள்.

அந்த ‘நமக்கு’ என்ற சொல் அன்றிலிருந்து என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதில் சித்தி இருக்கிறாளா?

அந்தத் தளம் நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அங்கே இருக்கிறது. சுடும் நாட்களில் கரட்டு உச்சியில் சிவப்புக் கொடி ஏறும். கொடி பறக்கும்வரை அந்தப் பக்கம் யாரும் போகக் கூடாது. எங்கள் அப்பத்தாவுக்கு அடுப்புக்குச் சுள்ளி, ஆட்டுக்குத் தழை, மழை பெய்தால் கீரை எல்லாமே அந்தப் பக்கம்தான். கொடி ஏறிய நாட்களில் அவளும் இன்னும் ஏழெட்டுப் பெண்களும் கண்மாய்க்கரைப் பனைமரத்தடியில் உட்கார்ந்து காத்திருப்பார்கள். மதியத்தில் கொடி இறங்கினால் உண்டு. இல்லையென்றால் வெறுங்கையோடு திரும்ப வேண்டும். திரும்பினால் தாத்தாவின் வசவு காத்திருக்கும். “கொடி ஏறுனா நம்ம வீட்டுல உலை ஏறாது” என்பாள் அப்பத்தா. தாத்தாவின் இரண்டு ஏக்கர் மானாவாரி ஊருக்குத் தெற்கே இருந்தது. அங்கே ஒரு தோட்டாவும் விழுந்ததில்லை. சாகும்வரை அவர் அந்தத் தளத்தைப் பற்றி ஒரு குறை சொல்லி நான் கேட்டதில்லை. பொய் சொல்லவில்லை அவர். அவருக்கு உண்மையிலேயே குறை இல்லை.

இப்படிப்பட்ட தளங்கள் எப்போது செய்தியாகின்றன? 2021 டிசம்பர் 30 அன்று புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே, தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவன் ஒருவனின் தலையில் தோட்டா பாய்ந்தது. பக்கத்துத் தளத்தில் அன்று துப்பாக்கிப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. சில நாட்களில் அவன் இறந்துபோனான். தொலைக்காட்சிகள் வந்தன, தளம் மூடப்பட்டது, ‘பாதுகாப்பு இடைவெளி’ பற்றி நிபுணர்கள் பேசினார்கள். ஒரு பிள்ளை செத்தால்தான் தளம் தெரிகிறது. அப்பத்தா பனைமரத்தடியில் கழித்த மதியங்கள் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. அந்தக் கணக்கைப் பற்றித்தான் இங்கே சண்டை போடப் போகிறேன்.

எங்கள் ஊர்க் கதை சின்னது. ஒரு கரடு, சில நாள் கொடி. இதையே பீரங்கி அளவுக்குப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டுமென்றால் ஜார்க்கண்டின் நேதர்ஹாட்டுக்குப் போக வேண்டும். நான் நேரில் போனதில்லை. படித்தும் அந்தப் பக்கம் வேலை செய்த தோழிகளிடம் கேட்டும் தெரிந்துகொண்டதைத்தான் சொல்கிறேன்.

சுற்றுலாக்காரர்களுக்கு நேதர்ஹாட் என்றால் சூரிய உதயம் பார்க்கும் மலைவாசத்தலம். லாதேஹார், கும்லா மாவட்டங்களில் பரந்து கிடக்கும் அந்த மேட்டு நிலத்தில் ஒராவோன், முண்டா, அசுர், பிர்ஜியா மக்களின் ஊர்கள் இருக்கின்றன. சால் மரக் காடு. வடக்கு கோயல் ஆற்றுக்குத் தண்ணீர் அனுப்பும் ஓடைகள். அருகிலேயே பலாமு புலிகள் காப்பகம், நாட்டில் முதன்முதலாக அறிவிக்கப்பட்ட ஒன்பது காப்பகங்களில் ஒன்று. இன்னொரு பக்கம் மகுவாடாண்டில், ஓநாய்களுக்காகவே 1976இல் உருவான சரணாலயம். புலிக்கும் ஓநாய்க்கும் அமைதி வேண்டும் என்று ஒரு துறை கோடு போட்ட அதே வட்டாரத்தில், பீரங்கி சுட்டுப் பழக இன்னொரு துறை கோடு போட்டது.

அந்தக் கோடு 1950களில் சில ஊர்களோடு தொடங்கியது. 1964 முதல் 1994 வரை ராணுவம் அங்கே வந்து பயிற்சி எடுத்தது. 1991, 1992 ஆண்டுகளில் வெளியான அறிவிக்கைகள் எல்லையை விரித்தன. 245 கிராமங்கள், 1471 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர் என்பதை வைத்துப் பார்த்தால் மூன்றரைச் சென்னை. இத்தனையும் அரசிதழில் அச்சடித்த சில பக்கங்களால் நடந்தது. ஒரு வீட்டுக் கதவையும் யாரும் தட்டி, “அம்மா, உங்கள் ஊரை இதில் சேர்க்கிறோம், சம்மதமா?” என்று கேட்கவில்லை.

கேட்கத் தேவையில்லை என்பதுதான் சட்டம். அதன் பெயர் ராணுவப் பயிற்சி நகர்வுகள், களச் சூடு மற்றும் பீரங்கிப் பயிற்சிச் சட்டம், 1938. ஆண்டைக் கவனியுங்கள். வெள்ளைக்காரன் தன் படைக்குப் போட்ட சட்டம். சுதந்திரம் வந்து, அரசியலமைப்பு வந்து, ஐந்தாம் அட்டவணை வந்து, பழங்குடிப் பகுதிகளில் கிராம சபைக்கு அதிகாரம் தரும் 1996ஆம் ஆண்டின் பெசா சட்டமும் வந்த பிறகும் அது அப்படியே உயிரோடு இருக்கிறது. அதன்படி மாநில அரசு ஒரு பகுதியைக் குறித்து, இத்தனை ஆண்டுகளுக்கு இங்கே அவ்வப்போது சுடலாம் என்று அறிவித்துவிட்டால் போதும். சுடும்போது ஆபத்துப் பகுதி என்று ஓர் இடத்தைச் சொல்வார்கள். அதற்குள்ளிருந்து ஆட்களையும் வீட்டு விலங்குகளையும் வெளியேற்றலாம். காட்டு விலங்குக்கும் மரத்துக்கும் ஊற்றுக்கும் அந்தச் சட்டத்தில் வேலை இல்லை.

இந்தச் சட்டத்தின் தந்திரம் நிலத்தை எடுக்காமலிருப்பதில் இருக்கிறது. நிலம் உங்களுடையதுதான். வீடும் உங்களுடையதுதான். விடியும் முன் எழுந்து ஆடு மாடு, குழந்தை, நடக்க முடியாத மாமியார், நிறைமாதக் கர்ப்பிணி எல்லோரையும் கூட்டிக்கொண்டு வெளியே போய்விட்டு, சாயங்காலம் திரும்பி வந்தால் போதும். நாளைக்கும் அப்படியே. நிலம் கைமாறாததால் இது ‘இடப்பெயர்வு’ ஆகாது. ஆகவே மறுவாழ்வுத் திட்டம் வேண்டாம். ‘தற்காலிகம்’ என்பதால் கேள்வியும் வேண்டாம். அப்படி எடுத்தது முப்பது வருடம். 

ஒருநாள் அப்படி வெளியேறுவது என்றால் என்ன? நம் வீட்டில் யோசித்துப் பார்த்தாலே தெரியும். குடும்பத்தோடு திருப்பதிக்குப் போகும் நாளில் அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து கட்டுச்சோறு கட்டுவது யார்? அது வருடத்துக்கு ஒருமுறை. அங்கே பீரங்கி வந்தபோதெல்லாம். முந்திய நாளே தண்ணீர் சேர்த்து, சமைத்து, கோழியைக் கூடையில் அடைத்து, அழும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்து, சாயங்காலம் திரும்பி வந்து மறுபடி அடுப்பு மூட்ட வேண்டும். இதற்குக் கூலி போட எந்தத் துறையிடமும் பதிவேடு இல்லை.

போராட்டக் குழு தொகுத்த பட்டியலில் மிதிபட்ட பயிர் இருக்கிறது, செத்த கால்நடை இருக்கிறது, குண்டில் இறந்தவர்களும் ஊனமானவர்களும் இருக்கிறார்கள். பயிற்சிக்கு வந்தவர்களால் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களும் இருக்கிறார்கள். இந்தக் கடைசி வரியைப் பெரும்பாலான கட்டுரைகள் ‘மற்றும் பல பாதிப்புகள்’ என்று சொல்லிக் கடந்துவிடுகின்றன. சூழலியல் அறிக்கை எழுதுகிறவர்கள் அது தங்கள் துறை இல்லை என்கிறார்கள். எனக்கு அந்தப் பிரிவினை புரியவில்லை. ஒரு பெண் தனியாகக் காட்டுக்குள் போக அஞ்சும் நிலை வந்துவிட்டால், அந்தக் காடு அவளைப் பொறுத்தவரை வெட்டப்பட்ட காடுதான். மரம் நிற்கலாம். அவளுக்கு அதில் ஒரு சுள்ளி இல்லை.

இனி மார்ச் மாதத்துக்கு வருகிறேன். அங்கே அது மகுவா உதிரும் காலம். மகுவா என்றால் ஏதோ வடநாட்டுச் சாராய மரம் என்று நினைக்க வேண்டாம். நம் இலுப்பைதான். கோயில் விளக்குக்கு எண்ணெய் கொடுத்த மரம். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று நக்கலாகச் சொல்கிறோமே, அந்தப் பூ. அங்கே அது நக்கல் இல்லை, சாப்பாடு. பூ விடிவதற்கு முன் உதிரும். வெயில் ஏறுவதற்குள் பொறுக்கிவிட வேண்டும். விட்டால் மாடும் மானும் கரடியும் முந்திக்கொள்ளும். ஆகவே பெண்களும் பிள்ளைகளும் இருட்டோடு கூடையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். மரத்தடியைக் கூட்டி, குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி, பல நாள் காயவைத்து, கொஞ்சம் வீட்டுக்கு, மீதி வாரச் சந்தைக்கு. சில வாரம்தான் இந்த வரத்து. தவறவிட்டால் அடுத்த வருடம்தான். மகுவா முடிந்தால் பீடி இலை, பிறகு அதே மரத்தின் கொட்டை, மழை வந்தால் காளான், கீரை, கிழங்கு. பெண்ணின் கையில் நேரடியாகக் காசு விழுவது இவற்றில்தான். நெல் விற்ற பணம் யார் கையில் போகும் என்று உங்களுக்கே தெரியும்.

பீரங்கிக்கும் விடியற்காலை வேண்டும், இலுப்பைப்பூவுக்கும் விடியற்காலை வேண்டும். சுடும் நாள் மகுவா நாளில் விழுந்தால் பூ தரையிலேயே கிடந்து அழுகும். அதற்கு இழப்பீடு உண்டா? 1938 சட்டம் இழப்பீடு பற்றிப் பேசத்தான் செய்கிறது. உடலுக்கோ உடைமைக்கோ உரிமைக்கோ சேதம் வந்தால் தர வேண்டும், படையோடு வருவாய்த் துறை அதிகாரி ஒருவர் போய் மதிப்பிட வேண்டும் என்கிறது. படிக்க நியாயமாக இருக்கிறது. ஆனால் அதிகாரி எதைப் பார்ப்பார்? வயலைப் பார்ப்பார், யார் பெயரில் என்று கேட்பார். இலுப்பைப்பூ யார் பெயரில் இருக்கிறது? காட்டு மரம் வனத்துறையினுடையது. அதன் அடியில் பாட்டி காலத்திலிருந்து பொறுக்கிய பூ சட்டத்தின் கண்ணில் சலுகை. பல இடங்களில் திருட்டு. வனத்தில் விளையும் சிறுபொருட்கள் காட்டுவாசிகளுக்குச் சொந்தம் என்று நாடாளுமன்றம் எழுதியது 2006இன் வன உரிமைச் சட்டத்தில்தான். பட்டாவில் கணவன் மனைவி இருவர் பெயரும் இருக்க வேண்டும் என்றும் அந்தச் சட்டம்தான் சொன்னது. பீரங்கி வந்து சரியாக நாற்பத்திரண்டு வருடம் கழித்து.

குண்டு வெடித்தவுடன் புகையோடு எல்லாம் போய்விடும் என்று நினைப்பவர்களுக்காக ஒரு சின்ன ரசாயனப் பாடம். முழுதாக வெடித்த குண்டு வெடிமருந்தை அதிகம் மிச்சம் வைப்பதில்லை. உலோகச் சில்லுகளைத்தான் விட்டுப்போகும். ஆபத்து அரைகுறையாக வெடித்ததிலும் வெடிக்காமல் புதைந்ததிலும் இருக்கிறது. உறை துருப்பிடித்து வெடிமருந்து கசியும். டிஎன்டி ஓரளவு மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். ஆர்டிஎக்ஸ் அப்படி ஒட்டாது. மழைநீரோடு மெல்ல இறங்கி நிலத்தடி நீருக்குப் போய்ச் சேரும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் கேப் காட் என்ற இடத்தில் கேம்ப் எட்வர்ட்ஸ் பயிற்சித் தளத்துக்குக் கீழேயிருந்த குடிநீர் ஊற்றில் இது நடந்தது. 1997இல் அந்த நாட்டுச் சுற்றுச்சூழல் முகமை தலையிட்டு வெடிகுண்டுப் பயிற்சியை நிறுத்தியது. அலாஸ்காவில் ஈகிள் ரிவர் சதுப்பு நிலத்தில் ராணுவம் சுட்ட வெள்ளைப் பாஸ்பரஸைத் தின்று ஆயிரக்கணக்கில் வாத்துகள் செத்தன. அங்கும் அதைச் சுடுவதை நிறுத்தினார்கள். உலகத்திலேயே ராணுவத்துக்கு மிக அதிகமாகச் செலவிடும் நாடு, மண்ணையும் நீரையும் அளந்து பார்த்துவிட்டு, ‘போதும்’ என்று சொல்ல முடிந்திருக்கிறது. அதனால் அதன் படை வலுவிழந்து போய்விடவில்லை.

ஓடையிலிருந்தும் ஊற்றுக் குழியிலிருந்தும் குடத்தில் மொண்டு குடிக்கும் ஊரில் அந்தத் தண்ணீரைத் தினமும் தொடுகிறவள் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

1994 மார்ச் 22. பயிற்சிக்காக ராணுவ வண்டிகள் நேதர்ஹாட்டுக்கு வந்தன. டுட்டுவாபானி என்ற இடத்தில் மக்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு சாலையை மறித்தார்கள். பெண்கள் முன்வரிசையில் இருந்தார்கள், வண்டிகளுக்கு முன்னால் தரையில் படுத்தார்கள். உயிரைத் தருவோம், நிலத்தைத் தரமாட்டோம் என்பது முழக்கம். வண்டிகள் திரும்பின. அதற்குப் பிறகு அங்கே பீரங்கி சுடவில்லை. அன்றிலிருந்து ஆண்டுதோறும் மார்ச் 22, 23 தேதிகளில் அதே இடத்தில் கூடுகிறார்கள்.

இந்தக் காட்சியை நம் இயக்கத் தோழர்கள் உருகி உருகி எழுதுவார்கள். நானும் உருகியவள்தான். ஆனால் ஒன்றைப் பார்க்காமல் உருகக் கூடாது. ‘தரமாட்டோம்’ என்று அந்தப் பெண்கள் சொன்ன நிலம் அவர்கள் பெயரில் இல்லை. 1908இன் சோட்டா நாக்பூர் குத்தகைச் சட்டம், ஆதிவாசி நிலம் வெளியார் கைக்குப் போகாமல் காக்கும் அரண். அதே சட்டம் வாரிசுரிமையை ஆண் வழியோடு கட்டிப்போட்டது. அதை எதிர்த்து மது கிஷ்வர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல், அதாவது டுட்டுவாபானிக்கு இரண்டு வருடம் கழித்துத் தீர்ப்பு சொன்னது. அந்தப் பிரிவுகளை ரத்து செய்யவில்லை. நிலத்தை நம்பிப் பிழைக்கும்வரை பெண் அதில் இருந்துகொள்ளலாம் என்ற அளவில் நின்றுவிட்டது. இருந்துகொள்ளலாம். தன் பெயரில் இல்லாத நிலத்துக்காக, திருட்டு என்று பெயர் வாங்கிய பூவுக்காக, ராணுவ வண்டிக்கு முன்னால் படுத்தார்கள். இதை வீரம் என்று மட்டும் சொல்லிவிட்டு நகர எனக்கு மனம் வரவில்லை. இடிந்தகரைப் பெண்களைப் பற்றியும் இப்படித்தான் எழுதினோம். முன்வரிசைக்கு அழைக்கும்போது இருக்கும் அவசரம், பட்டாவில் பெயர் சேர்க்கும்போது எங்கே போகிறது? இந்தக் கேள்வியை அரசிடம் மட்டுமல்ல, இயக்கங்களிடமும் கேட்க வேண்டும்.

இங்கே இன்னொரு தொல்லை. பெண் இயற்கைக்கு நெருக்கமானவள், பூமித்தாயின் மகள், அதனால்தான் காட்டைக் காக்கிறாள் என்ற பேச்சு. மகளிர் தினத்தில் கல்லூரி மேடைகளில் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அப்பத்தா கரட்டுக்குப் போனது மரத்தோடு பேச இல்லை. போகாவிட்டால் அடுப்பு எரியாது, அடுப்பு எரியாவிட்டால் வசவு. வேலையை அவள் தலையில் ஏற்றியவர்கள் இருந்தார்கள். நெருக்கம் அப்படி வந்தது. பொருளாதார அறிஞர் பீனா அகர்வால் 1992இலேயே இதைத் தெளிவாக எழுதினார். சூழலோடு பெண்ணுக்குள்ள உறவை அவள் பிறவிக் குணத்தில் தேடாதீர்கள், யார் என்ன வேலை செய்கிறார், யார் கையில் சொத்து இருக்கிறது என்பதில் தேடுங்கள் என்றார். அந்த வாதத்தை ஏற்றுக்கொண்டால் ஒன்று விளங்கும். ‘சூழல் பாதிப்பு’ என்று அறிக்கைகளில் வரும் கட்டத்தில் பாதிக்கு மேல் இருப்பது பெண்ணின் கூலியில்லாத வேலை.

சரி, ராணுவம் எங்கேதான் பயிற்சி எடுப்பது? நியாயமான கேள்வி. எங்கள் தெருவிலேயே நான்கு வீட்டுப் பையன்கள் ராணுவத்தில் இருக்கிறார்கள். பழக்கமில்லாத கையில் துப்பாக்கியைக் கொடுத்து எல்லைக்கு அனுப்பச் சொல்லும் அளவுக்கு எனக்குப் புத்தி மழுங்கவில்லை. ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பதிலுக்காகக் கேட்பதில்லை, வாயை அடைக்கக் கேட்கிறார்கள். நேதர்ஹாட் மக்களிடம் தேசபக்தி பற்றிப் பாடம் எடுப்பதற்கு முன் 1971 போரில் உயிரிழந்து பரம்வீர் சக்ரா பெற்ற ஆல்பர்ட் எக்கா யார் என்று தேடிப் பாருங்கள். கும்லா மாவட்டத்து ஜாரி ஊரில் பிறந்த ஒராவோன் ஆதிவாசி. தேசத்துக்கு உயிர் கொடுத்த மண்ணிடம் இன்னும் என்ன நிரூபணம் வேண்டும்?

மறுத்தால் மாற்று இடம் கிடைக்கவே கிடைக்காதா? 1980களில் ஒடிசாவின் பலியாபாலில் ஏவுகணைச் சோதனைத் தளம் கேட்டார்கள். வெற்றிலைக் கொடியும் தென்னையும் விளைந்த வளமான கடற்கரை. மக்கள் ஊருக்குள் வரும் வழிகளை மறித்தார்கள். அதிகாரிகள் வண்டி வந்தால் சங்கு ஊதியும் தட்டைத் தட்டியும் செய்தி சொல்ல, பெண்களும் குழந்தைகளும் ஓடிவந்து தடுப்பில் நின்றார்கள். பலியாபால் தளம் வரவில்லை. நாட்டின் ஏவுகணைத் திட்டம் அதனால் நின்றுபோகவும் இல்லை. கடலுக்குள் ஆளில்லாத வீலர் தீவில் நடந்தது. இன்று அதற்கு அப்துல் கலாம் பெயர். அந்தப் பெயரைச் சொல்லி நாம் பெருமைப்படும்போது, வேறு இடம் தேட வைத்த அந்தப் பெண்களையும் சேர்த்து நினைக்கலாம்.

2022 ஏப்ரலில் டுட்டுவாபானியிலிருந்து ராஞ்சிக்கு மக்கள் நடந்தே போனார்கள். 1999இல் புதுப்பித்த அறிவிக்கை 2022 மே 11 வரைதான். மீண்டும் நீட்டிக்காதே என்பது கோரிக்கை. அந்த ஆகஸ்டில் முதல்வர் ஹேமந்த் சோரன் நீட்டிக்கப் போவதில்லை என்று முடிவெடுத்தார். 1994இல் வண்டி திரும்பியதற்கும் காகிதம் காலாவதியானதற்கும் நடுவே இருபத்தெட்டு வருடம். பீரங்கி வராவிட்டாலும், அந்தக் காகிதம் தலைக்கு மேல் தொங்கும் ஊரில் எத்தனை பேர் நம்பிக் கிணறு வெட்டியிருப்பார்கள், மரம் வைத்திருப்பார்கள்?

காலாவதியானது அறிவிக்கைதான். சட்டம் ஆகவில்லை. நாளைக்கே வேறொரு மாநிலம் வேறொரு மலையை அதே சட்டத்தில் குறிக்கலாம். கதவுகள் முன்பைவிட அகலமாகத் திறந்திருக்கின்றன. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, தேசப் பாதுகாப்புத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பு தேவையில்லை என்று ஏற்கெனவே விலக்கு தந்திருக்கிறது. 2023இல் வனப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தினார்கள். பாதுகாப்பு தொடர்பான கட்டுமானத்துக்குப் 10 ஹெக்டேர் வரை, இடதுசாரித் தீவிரவாதம் உள்ளதாகச் சொல்லப்படும் பகுதிகளில் பாதுகாப்புத் திட்டத்துக்கோ துணை ராணுவ முகாமுக்கோ 5 ஹெக்டேர் வரை வன நிலத்துக்கு அந்தச் சட்டமே பொருந்தாது. ஐந்து ஹெக்டேர் பெரிதா என்று கேட்பார்கள். ஒரு முகாம் ஐந்து ஹெக்டேரோடு நிற்பதில்லை. அதைச் சுற்றி எவ்வளவு தூரத்துக்குப் பெண்கள் தனியாகப் போக மாட்டார்கள் என்பதையும் சேர்த்து அளக்க வேண்டும். அந்த அளவுகோல் எந்த நில அளவரிடமும் இல்லை.

கல்லூரியில் படிக்கும் தோழிகளிடம் ஒரு வேலை கேட்கிறேன். உங்கள் மாவட்டத்தில் சுடும் தளம் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். இருக்கும். அதைச் சுற்றியுள்ள ஊர்களுக்குப் போய்ப் பட்டாதாரர்களை விட்டுவிட்டு ஆடு மேய்க்கும் பெண்களிடம் பேசுங்கள். கொடி ஏறும் நாட்களில் எங்கே உட்காருவீர்கள் என்று கேளுங்கள். பனைமரத்தடி ஏதாவது ஒன்று எல்லா ஊரிலும் இருக்கும் என்று நினைக்கிறேன்.

சித்திக்கு மறுபடி போன் செய்தேன். கிராம சபையில் இதைப் பேசப் போகிறார்களா என்றேன். பேசுவார்கள் என்றாள். நீ போகிறாயா என்றேன். “நான் போயி என்ன சொல்ல? என் பேர்ல என்ன இருக்கு அங்க?” என்றாள். அதையே சொல் என்றேன். அந்தப் புறம்போக்கிலிருந்து வருடத்துக்கு என்னவெல்லாம் வீட்டுக்கு வருகிறது, எந்த மாதம் எது, சந்தையில் என்ன விலை, எத்தனை பேர் போகிறார்கள், எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக் கொண்டுபோ என்றேன். சிரித்தாள். “சுள்ளிக்கெல்லாமா கணக்கு எழுதுவாங்க?”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு அவளே ஆரம்பித்தாள். “வெறகு... வாரத்துக்கு மூணு கட்டு. எழுதிக்கிறியா? ஆட்டுக்குத் தழை தெனமும். ஈச்சம்பழம் ஆனி ஆடியில. விளக்கமாத்துப் புல்லு தையில. அந்தக் கெணத்துப் பக்கம் நன்னாரி வேரு கெடக்கும், கோடையில கடைக்காரன் வாங்கிக்குவான். பனங்கெழங்கு... இரு தாயி, பக்கத்து வீட்டு அக்காவக் கூப்புடுறேன். அவளுக்கு என்னையவிட நல்லாத் தெரியும்.”